எடுத்தாச்சுங்களா?

ஒன்பது வருடம் இந்த ஒரு கேள்வியை வைத்து என் உயிரை வாங்கினார் அந்த அம்மா. காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "எடுத்தாச்சுங்களா?" பேக்கப் எடுத்தாச்சா என்று அர்த்தம். வாடிக்கையாளர் ஒருவருடைய வெப்சைட்டில் ஒரே ஒரு போன் நம்பரை மாற்றுவதாக இருந்தாலும் சரி, பட்டனை அழுத்தப் போகும் என் விரலை அந்தக் கேள்வி அந்தரத்தில் நிறுத்திவிடும். "எடுத்தாச்சு தாயே, எடுத்தாச்சு" என்று கையெடுத்துக் கும்பிடுவேன். அவர் சிரிக்க மாட்டார். தானே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

கடைசியில் அந்த ஒரு சொல்தான் அவரை என் ஆபீசிலிருந்து வெளியே அனுப்பியது. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என்னால் அவருக்கு வந்த கெட்ட பெயரே போதும்.

ஊத்துக்குளி ரோட்டில் எனக்கு ஒரு சின்ன ஆபீஸ். கீழே லேபிள் அச்சடிக்கும் கடை, மேலே நாங்கள். பனியன் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்து, அவை குடியிருக்க சர்வரில் இடமும் கொடுப்போம். வாய் கிழியப் பேசி ஆர்டர் பிடிப்பது நான். சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர். அதனால் எங்களுக்கு அவர் சர்வரம்மா. ஒருமுறை குண்டடத்திலிருந்து வந்த அவருடைய மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏஞ்சாமி, என்ற மருமவ எந்த ஓட்டல்ல சர்வரா இருக்கறா? தட்டெல்லாம் தூக்கோணுங்களா?" என்று கவலையாகக் கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சர்வரம்மா தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்.

அவர் பயப்படக் காரணமே வேண்டாம். திரையில் சிவப்பு எழுத்து வந்தால் பயம். வராவிட்டால் அதைவிடப் பயம். "இவ்வளவு சுளுவா ஓடாதுங்ணா. எங்கியோ என்னமோ நின்னு போயிருக்குது" என்பார். பயம் வந்தால் அவருக்குக் கை சில்லிட்டுப் போகும். டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொள்வார், குடிக்க மாட்டார். டீ ஆறிப் போய் ஆடை கட்டியிருந்தால், அன்றைக்கு ஏதோ சைட்டை மாற்றுகிறார் என்று நான் புரிந்துகொள்வேன்.

ஒரு வெப்சைட்டை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றுவது, வீடு காலி செய்து போகிற மாதிரிதான். எனக்கு முகப்புப் பக்கம் பளிச்சென்று திறந்துவிட்டால் போதும், "ஆச்சு!" என்று வாடிக்கையாளருக்குப் போன் போட்டுவிடுவேன். அவர் விடமாட்டார்.

"மூஞ்சிய மட்டும் பாத்துட்டு ஆச்சுங்காதீங்ணா. திருப்பிப் பாக்கோணும்."

எங்களிடம் வருவதற்கு முன்பு அவர் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். தைத்து வந்த உருப்படியை உள்புறம் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டையும் விட்டுப்போன தையலும் தேடுகிற வேலை. சைட்டையும் அப்படித்தான் பார்த்தார். பழைய சர்வரில் எத்தனை ஃபைல், புதிதில் எத்தனை என்று லேபிள் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதுவார். எண்ணிக்கை ஒத்துப் போனாலும் திருப்தி கிடையாது. இரண்டு பக்கமும் மொத்தம் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்த்து அதையும் எழுதுவார். அதற்கு அவர் வைத்த பெயர் எடை போடுவது. "துணி வாங்குனா ரோலை எண்ணிப்போட்டு உட்டர்றமா? கிலோ போட்டுப் பாக்கறமல்ல?" என்பார். 

இது போதாதென்று இன்னொரு வேலையும் செய்வார். எந்த சைட்டை மாற்றப் போனாலும், அதற்கு முன்பு அதன் முழுச் சரக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் புது சர்வரில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பார். அந்த ஃபோல்டருக்குப் பெயரே 'பயம்'. விளையாட்டாக வைத்ததில்லை. அதைப் பிறகு ஆபீஸ் டிஸ்க்குக்கு எடுத்து வைத்து, டிஸ்க்கை அலமாரியில் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வார். 'அழி' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வேண்டாத ஃபைலைப் பற்றிக் கேட்டால்கூட "கெடக்கட்டுங்ணா, சோறா கேக்குது?" என்பார்.

இப்படியும் ஒரு பெண்பிள்ளை பயப்படுமா என்று எரிச்சலாக வரும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்திய ஒரு நாள், வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தபோது கேட்டே விட்டேன்.

"ஏனம்மிணி, உனக்கு யாரு இப்படிப் பயங்காட்டி வெச்சது?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கொழந்தைச் சட்டை லைன்ல ஒருக்கா ஊசி ஒடஞ்சுதுங்ணா. ஒடஞ்ச துண்டு துணிக்குள்ள நின்னுறக்கூடாதுன்னு, எல்லாத்தையும் தேடிப் பொறுக்கி, டேப் போட்டு நோட்டுல ஒட்டோணும். அப்பத்தான் அடுத்த ஊசி குடுப்பாங்க. அன்னிக்கு நுனி மட்டும் கெடைக்கல. பெட்டி கட்ட நேரமாச்சுன்னு, வேற ஊசியோட நுனிய எடுத்து ஒட்டச் சொல்லிட்டாரு சூப்பர்வைசர். நானும் ஒட்டிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லீங்ணா. பெட்டி கப்பலேறிடுச்சு. ஒரு கம்ப்ளைன்ட்டும் வல்லை."

"வல்லையில்ல? பின்ன என்னம்மா?"

"எந்தக் கொழந்தைன்னு தெரியலீங்களே" என்றார்.

மின்விசிறி ஓடாததால்தான் வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

இனி பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் முதல் வாடிக்கையாளர் அவர்தான். குழந்தைத் துணி ஏற்றுமதி, இரண்டு தையல் லைன், தலைநரைத்த மனிதர். ஆரம்பத்தில் ஒருநாள் அவருடைய சைட்டுக்கு ஒதுக்கிய இடம் நிறைந்துவிட்டது. சர்வரில் ஒருவருக்கு இவ்வளவு இடம்தான் என்று வைக்கிற வரம்புக்குக் கோட்டா என்று பெயர். நான் தொழில் தெரிந்தவன் மாதிரி போன் போட்டு, "பாய், உங்க கோட்டா முடிஞ்சு போச்சு" என்றேன். கால் மணி நேரத்தில் மனிதர் மாடிப்படியில் மூச்சு வாங்க வந்து நிற்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை.

"யா அல்லா, கோட்டா மறுபடி கொண்டாந்துட்டாங்களா தம்பி?"

பழைய காலத்தில் வெளிநாட்டுக்காரன் இத்தனை உருப்படிதான் உள்ளே விடுவேன் என்று வரம்பு வைத்திருந்தான். அதற்கும் கோட்டா என்றுதான் பெயர். அது தீர்ந்துபோய், தைத்த துணி குடோனில் கிடந்து மட்கியதைப் பார்த்தவர் பாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சர்வரம்மாதான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அது இல்லீங்க பாய், இது எடத்தோட கோட்டாங்க. நாங்க பாத்துக்கறோம். வெசனப்படாதீங்க." பாய் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இந்தப் புள்ளைக்குத்தான்யா மனுசன் பயம் தெரியுது" என்று என்னை முறைத்துவிட்டுப் போனார். அதன்பின் பாய் எதுவாக இருந்தாலும் அவரிடம்தான் பேசினார்.

பாயின் சைட்டுக்குள் ஆறு வருடத்துச் சோதனை அறிக்கைகள் இருந்தன. சட்டைப் பொத்தானைக் குழந்தை பிடுங்கி விழுங்கிவிடாது என்பதற்கு ஒன்று, சாயத்தில் கெடுதல் இல்லை என்பதற்கு ஒன்று, ஊசி நோட்டின் பக்கங்களைப் படமெடுத்துப் போட்டது என்று ஆயிரக்கணக்கில். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் ஒரு புதன்கிழமை நேரில் வந்து அவற்றைப் பார்ப்பதாக இருந்தது. பார்த்துத் திருப்தியானால்தான் அடுத்த ஆர்டர். பாய்க்கு இருந்ததே அந்த ஒரு பையர்தான்.

அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் பழைய சர்வருக்குக் கெடு வந்தது. அதை வாடகைக்கு விட்டிருந்த கம்பெனி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் துடைத்துவிடுவோம் என்று எழுதிவிட்டது. மற்ற சைட்டையெல்லாம் சர்வரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து மாற்றிவிட்டார். பாயுடையது மட்டும் பாக்கி. அந்த வெள்ளிக்கிழமை பார்த்து அவருடைய மாமியாருக்குத் தாராபுரத்தில் கண் ஆபரேஷன்.

"ஒரு வாரம் தள்ளிக் கேளுங்ணா. நான் வந்து பண்ணிக்கறேன்."

"ஒரு சைட்டுக்காகப் போயி அவங்கிட்டக் கெஞ்சச் சொல்றியா? நீ போம்மா. நான் பாத்துக்கறேன்."

"பாயோடதுங்ணா. எல்லாமே அதுக்குள்ளதான் இருக்குது."

"நானும் இந்த ஆபீஸ்லதான் இருக்கறேன். போயிட்டு வா" என்று விரட்டினேன். வியாழக்கிழமை போகும்போது வழக்கம்போல பாயின் மூட்டையைக் கட்டி 'பயம்' ஃபோல்டரில் போட்டுவிட்டுத்தான் போனார். ஆபீஸ் டிஸ்க்குக்கு எடுக்க நேரமில்லை. டிஸ்க் சாவியை என் மேசையில் வைத்தார். அவர் விரல் பட்டபோது ஐஸ் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மாற்றுகிற வேலையை ஓட்டிவிட்டேன். ஒரு மணிக்குச் சிவப்பு எழுத்து. டிஸ்க் கோட்டா தீர்ந்துவிட்டது, இனி இடமில்லை. கூட்டித் தரச் சொல்லிப் புது சர்வர்காரனுக்கு எழுதினால் மறுநாள்தான் பதில் வரும். பாயைக் கேட்கலாமென்றால் அவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார், போன் அணைந்திருந்தது. எது இடத்தை அடைக்கிறது என்று தேடினேன். பாதி இடத்தைப் 'பயம்' பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சர்வரம்மாவுக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தார். குரல் விட்டு விட்டு வந்தது.

"கோட்டா நெறஞ்சுபோச்சும்மா. உன்ற 'பயம்' பாதி எடத்த அடைச்சுட்டு நிக்குது. என்ன பண்றது?"

"அத மொதல்ல எடுத்துருங்ணா. எடுத்துட்டு அப்புறம்..."

அதோடு லைன் போய்விட்டது.

எடுத்துவிட்டேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கூட ஒருமுறை கேட்டது. ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஆமாம் என்று அழுத்தினேன். இடம் பாதி காலியாயிற்று. விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட்டினேன். முன்பே வந்துவிட்ட ஃபைலை விட்டுவிடு, மிச்சத்தை மட்டும் கொண்டுவா என்று டிக் போட்டேன். மூன்றரைக்கு முடிந்தது. முகப்புப் பக்கம் பளிச்சென்று திறந்தது, படத்தில் குழந்தைகள் சிரித்தன. அவரைப் போலவே லேபிள் அட்டையில் இரண்டு பக்க எண்ணிக்கையையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றிருந்தது.

நான்கு மணிக்கு அவரே கூப்பிட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம்.

"அண்ணா, எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"பூராவுமா?"

"பூராவும் எடுத்தாச்சும்மா. மறுபடி ஓட்டி முடிச்சாச்சு."

"எண்ணுனீங்களா?"

"எண்ணினேன். ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

"எடை போட்டீங்களா?"

நான் போடவில்லை. "அதெல்லாம் ஆச்சு. நீ மாமியாரக் கவனி" என்றேன்.

அவர் ஒரு பெரிய மூச்சு விட்டது போனில் கேட்டது. "அப்பாடா. காலைல இருந்து போனையே பாத்துட்டு இருந்தேனுங்ணா" என்று சொல்லிச் சிரித்தார். ஒன்பது வருடத்தில் அவர் சிரித்துக் கேட்டது அன்றைக்குத்தான். பழைய சர்வர்காரனுக்கு, எல்லாம் முடிந்தது, துடைத்துக்கொள்ளலாம் என்று நான்கே காலுக்கு எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை சர்வரம்மா செருப்பைக் கழற்றாமல் நேரே சைட்டைத் திறந்தார். முகப்பைப் பார்க்கவில்லை, உள்ளே போனார். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அண்ணா, இதெல்லாம் பேரு மட்டும்தான் இருக்குது. உள்ள ஒண்ணுமே இல்லீங்களே."

எழுந்து போய்ப் பார்த்தேன். வரிசையாக ஃபைல்கள், பெயர், தேதி எல்லாம் சரி. அளவு மட்டும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். வெள்ளிக்கிழமை இடம் தீர்ந்த பிறகு வந்தவையெல்லாம் வெறும் பெயரோடு வந்து நின்றிருக்கின்றன. வந்துவிட்டதை விட்டுவிடு என்று நான் டிக் போட்டதால், இரண்டாவது தடவை ஓட்டியபோது அவற்றை யாரும் தொடவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது அதனால்தான். எடை போட்டிருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும். அப்போது பழைய சர்வரும் உயிரோடு இருந்தது.

சர்வரம்மா பதறவில்லை. அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "பரவால்லீங்ணா. மூட்டை இருக்குதல்ல. அத எடுத்து எங்க வெச்சீங்க? ஆபீஸ் டிஸ்க்லயா?" என்றார்.

"எங்க வெக்கறது? எடுத்துட்டேங்கறேன்."

"எடுத்து..?"

"எடுத்துட்டேம்மா! நீதான எடுக்கச் சொன்ன?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அழித்துவிட்டேன் என்பது அவர் கண்ணில் மெதுவாக ஏறியதைப் பார்த்தேன். ஒன்பது வருடம் தினமும் காலையில் அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டவன் நான். ஒரு நாளும் அவர் அதற்கு வேறு அர்த்தம் வைத்ததில்லை. பேக்கப் எடு, பத்திரமாக எடு, எடுத்து வை. அழி என்ற அர்த்தத்தை அன்றைக்கு அதில் போட்டது நான்தான். எனக்கு அவசரம், எனக்கு இடம் வேண்டியிருந்தது.

இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் தேடினார். பழைய சர்வர்காரன், துடைத்தது துடைத்ததுதான் என்றான். சோதனைக் கூடங்களுக்குப் போன் போட்டு, பழைய மெயில்களைக் கிண்டி, பாதிக்குமேல் திரட்டிவிட்டார். ஊசி நோட்டின் பக்கங்கள் கிடைக்கவில்லை. நோட்டுகளையே பாயின் யூனிட்டில் எப்போதோ பழைய பேப்பருக்குப் போட்டிருந்தார்கள். சைட்டில்தான் இருக்கிறதே என்று.

புதன்கிழமை பையரின் ஆட்கள் வந்து, பார்த்து, ஊசி நோட்டு இல்லாமல் அடுத்த ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டுக் கார் ஏறிவிட்டார்கள். வியாழக்கிழமை பாய் எங்கள் மாடிக்கு வந்தார். இந்தத் தடவை ஓடி வரவில்லை. ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்.

"ஒரு லைனை நிறுத்திட்டேன் தம்பி. யாரு பண்ணுனதுன்னு மட்டும் சொல்லிருங்க."

என் பெயரைச் சொன்னால் பாய் போவார், அவர் சொல்லி மற்ற கம்பெனிகளும் போகும், ஆபீசை இழுத்து மூட வேண்டியதுதான் என்று கண் முன்னால் ஓடியது. சர்வரம்மா எழுந்து நின்றார். கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

"எடுக்கச் சொன்னது நானுங்க பாய்."

பாய் அவரைத்தான் நம்பியிருந்தார். அதனால் அவரைத்தான் திட்டினார். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. சர்வரம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. இப்போது சொல்லிவிடுவேன், இப்போது சொல்லிவிடுவேன் என்று நானும் உட்கார்ந்தே இருந்தேன். பாய் படியிறங்கிப் போனார். அன்று சாயங்காலம் சர்வரம்மா தன் டீ கிளாஸைக் கழுவிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "வர்றேனுங்ணா" என்றார். வரவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. நேரில் போய்க் குண்டடத்தில் கதவைத் தட்ட எனக்குத் தைரியமில்லை.

இப்போது என் ஆபீசில் எந்த ஃபைலையும் யாரும் அழிப்பதில்லை. கோட்டா நிறைந்தது என்று சிவப்பு எழுத்து வந்தால், எதையும் தொட்டுவிடக் கூடாதென்று நான் எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொள்கிறேன். முடிந்தது என்று புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் சொன்னாலும் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன், எடை போடச் சொல்கிறேன். என்னைப் பார்த்து அவர்கள் கண்ணாலேயே சிரித்துக்கொள்வது தெரிகிறது.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் பாய் எதிரில் வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். யூனிட்டை மகனிடம் விட்டுவிட்டாராம், ஒற்றை லைன்தான் ஓடுகிறதாம். வெகுநேரம் மற்றதெல்லாம் பேசிவிட்டு, சாப்பாட்டு இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் புள்ளைய அன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன் தம்பி. தூக்கமே வரமாட்டேங்குது. இருந்தாலும், அது அப்படிச் செய்யற புள்ள இல்லியே. நெசமாவே அதுதான் எடுக்கச் சொல்லுச்சா?"

பந்தியில் இத்தனை சத்தத்திலும் எனக்கு அவர் மூச்சு விடுவது கேட்டது. என் கை சில்லிட்டுவிட்டது. சூடான சோற்றுக்குள் விரலை நுழைத்து வைத்துக்கொண்டேன்.

"ஆமாங்க பாய்" என்றேன். "அவங்கதான் எடுக்கச் சொன்னாங்க."